போபோவிச் நிருபர்களிடம் ஏன் அப்படிக் கடுகடுத்தார்? கோளாறு கேள்வியிலா, ஆளிலா?

செவ்வாய்_ஹூப்ஸ் கேட்டது:

அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து லீக்கில் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணியின் கோச்சாக 1996 முதல் 2025 வரை இருந்த கிரெக் போபோவிச்சின் பேட்டித் துண்டுகள் வரிசையாகக் கண்ணில் படுகின்றன. குவார்ட்டர் (ஆட்டத்தின் கால் பகுதி) இடைவேளையில் மைக்கை நீட்டினால் ஒரே சொல்லில் பதில். சில சமயம் முறைப்பு மட்டும். "இது கேள்வியே இல்லையே" என்று நிருபரையே மடக்குவதும் உண்டு. அதே மனிதர் ஆட்டத்துக்கு முந்தைய சந்திப்பில் அமெரிக்க அரசியல், வரலாறு என்று நிமிடக் கணக்கில் பேசுகிறார்.

தெரிந்துகொள்ள விரும்புவது மூன்று விஷயம். அந்தக் கடுகடுப்பு நிஜமா, டிவிக்கான வேஷமா? இவ்வளவு வெறுக்கிற பேட்டியை லீக் ஏன் விடாமல் நடத்துகிறது? அவரிடம் உருப்படியான பதில் வாங்கிய நிருபர்கள் எப்படிக் கேட்டார்கள்? கல்லூரி லீக் நேரலையில் கோர்ட் ஓரம் மைக் பிடிக்கும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. அதனால் மூன்றாவதற்கு விவரமாகச் சொன்னால் நல்லது.

---

பெஞ்ச்_ஓரம்:

முதலில் நேரக் கணக்கைப் பாருங்கள். பாதி விஷயம் அதிலேயே விளங்கிவிடும்.

என்பிஏவில் குவார்ட்டர்களுக்கு இடையே சில நிமிடம்தான். விசில் அடித்ததும் கோச் நேராக ஆட்டக்காரர்களிடம் போக மாட்டார். முதலில் உதவி கோச்களோடு பெஞ்சிலிருந்து நாலடி தள்ளி நின்று பேசுவார்: யாருக்கு எத்தனை ஃபவுல், எதிரணி நம் பிக் அண்ட் ரோலை (ஒருவர் மறைப்புக் கொடுத்துவிட்டுக் கூடை நோக்கி ஓடும் உத்தி) எப்படி மறிக்கிறது, அடுத்து யாரை இறக்குவது. அது முடிந்த பிறகுதான் ஆட்டக்காரர்கள் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பலகையில் வரைவார். டிவி பேட்டி விழுவது இந்த உதவி கோச் பேச்சு நடக்க வேண்டிய நேரத்தில். அந்தச் சில நிமிடத்தில் 30, 40 விநாடியைப் பிடுங்கிக்கொண்டு "எப்படி இருக்கிறது ஆட்டம்?" என்றால் எந்தக் கோச்சுக்கும் சுள்ளென்றுதான் வரும். மற்றவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு நாலு பொதுவார்த்தை சொல்லிவிட்டுப் போவார்கள். போபோவிச் அந்த மரியாதைப் பூச்சைச் செய்யவில்லை, அவ்வளவுதான்.

லீக் விடாததற்குக் காரணம் காசு. தேசிய ஒளிபரப்பு ஆட்டங்களில் கோச் பேட்டி, ஒளிபரப்பாளருக்குத் தரப்படும் வசதிகளில் ஒன்று. 2024 ஜூலையில் டிஸ்னி, என்பிசி, அமேசான் மூன்றோடும் போட்ட 11 ஆண்டு ஒப்பந்தத்தின் மதிப்பு சுமார் 7,600 கோடி டாலர். ஆட்டக்காரர் சம்பளம், கோச் சம்பளம் எல்லாம் சுற்றிவளைத்து அங்கிருந்துதான் வருகிறது. அவ்வளவு கொடுக்கிறவன் அரை நிமிடம் கேட்டால் லீக் இல்லையென்று சொல்லாது.

டிவி விஷயத்தில் லீக் எவ்வளவு கறார் என்பதற்கு 2012 நவம்பர் 29 ஆட்டமே சாட்சி. அன்று மயாமியில் ஹீட் அணியோடு டிஎன்டி டிவி சேனல் ஒளிபரப்பும் ஆட்டம். தன் முன்னணி ஆட்டக்காரர்கள் டங்கன், பார்க்கர், ஜினோபிலி, டேனி கிரீன் நால்வரையும் ஓய்வுக்காக ஊருக்கு விமானம் ஏற்றிவிட்டார் போபோவிச். மறுநாளே ஸ்பர்ஸுக்கு 2,50,000 டாலர் அபராதம். லீக் சொன்ன குற்றங்களில் ஒன்று, எதிரணிக்கும் ஊடகத்துக்கும் லீக் அலுவலகத்துக்கும் உரிய நேரத்தில் தகவல் சொல்லவில்லை என்பது.

நிஜமா வேஷமா என்றால், இரண்டும் உண்டு. எரிச்சல் நிஜம். ஆனால் அது ஓடியது, மக்கள் அதற்காகவே காத்திருந்தார்கள் என்பது அவருக்கும் தெரியும், அப்போது ஒளிபரப்பிய டிஎன்டிக்கும் தெரியும். குறும்பும் கொஞ்சம் கலந்த ஆள். 2012 மார்ச் 25 அன்று 35 வயது டங்கனுக்கு ஓய்வு கொடுத்தபோது, அதிகாரப்பூர்வ ஸ்கோர் அட்டையில் ஆடாத காரணமாக "வயசாகிவிட்டது" என்று ஏறியது. வழக்கமாக அந்த இடத்தில் காயம், கோச் முடிவு என்றுதான் இருக்கும்.

---

ஸ்டாட்ஷீட்:

மேலே சொன்ன நேரக் கணக்கோடு ஒன்று சேர்க்க வேண்டும். அவரிடம் அதிகம் மாட்டியவர்கள் கற்றுக்குட்டிகள் இல்லை. ஒரே சொல்லில் "டர்னோவர்" (பந்தை எதிரணியிடம் பறிகொடுப்பது) என்று பதில் வாங்கியவர் டேவிட் ஆல்ட்ரிட்ஜ். நேயஸ்மித் கூடைப்பந்து ஹால் ஆஃப் ஃபேம் 2016-இல் கர்ட் கௌடி ஊடக விருது கொடுத்த மனிதர். கிடைக்கும் ஷாட்களைப் பற்றிச் சந்தோஷமா என்று கேட்டதும் அவர்தான். ஆட்டத்தின் நடுவில் ஒருவருக்கும் சந்தோஷம் கிடையாது, வேறு சொல் பாருங்கள் என்கிற மாதிரி ஒரு குட்டு விழுந்தது. ஆக, கூடைப்பந்து தெரியாததால் வந்த வினை இல்லை. கேள்வி வடிவத்தில் சிக்கல்.

அவரிடம் எடுபடாத வடிவங்கள் நாலைந்துதான், திரும்பத் திரும்ப அதே:

ஒன்று, "இன்றைய டிஃபென்ஸ் பற்றிச் சொல்லுங்கள்" வகை. இதில் கேள்வியே கிடையாது. இன்னதைச் சொல் என்று கோச்சுக்கு வேலை வைப்பது. அமெரிக்க நிருபர்களிடம் இது தொற்றுநோய். போபோவிச் இதைத்தான் அடிக்கடி திருப்பி அடிப்பார்.

அடுத்து, உணர்ச்சியை அளக்கச் சொல்வது: எவ்வளவு மகிழ்ச்சி, எவ்வளவு கவலை, எவ்வளவு முக்கியம். "எவ்வளவு" என்று தொடங்கினால் பதில் "ரொம்ப" என்றுதான் வரும். அதற்கு மேல் சொல்ல அவரிடமும் ஒன்றும் இருக்காது.

மூன்றாவது, பதிலையும் சேர்த்துக் கேட்பது. "ரீபவுண்டில் (தவறிய ஷாட்டின் பந்தைப் பிடிப்பதில்) கோட்டை விட்டீர்கள், டர்னோவர் அதிகம், வெளியிலிருந்து ஷாட் விழவில்லை, இதையெல்லாம் சரிசெய்ய வேண்டும் இல்லையா?" என்று கேட்டால் "ஆமாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம்; தப்பே இல்லை.

நான்காவது, வரப்போகும் திட்டத்தைக் கேட்பது. அடுத்த குவார்ட்டரில் டபுள் டீம் (ஒருவரை இருவர் மறிப்பது) போடுவீர்களா என்று நேரலையில் கேட்டால் எந்தக் கோச் சொல்வார்? எதிரணி பெஞ்ச் பத்தடி தூரத்தில் இருக்கிறது.

ஆட்டக்காரர் ஒருவரைத் தனியாகப் பிரித்து மார்க் போடச் சொல்வதும் அவரிடம் நடக்காது. புகழ்ச்சியாக இருந்தாலும் அணி என்று மடக்கிவிடுவார். திட்டினால் அந்த ஆட்டக்காரர் மறுநாள் காலையில் அதைப் படிப்பார் என்பது கணக்கு.

எடுபட்டது எது? நடந்து முடிந்த, எல்லோரும் கண்ணால் பார்த்த ஒரு விஷயம். அதில் கோச் மட்டும் அறிந்த ஒரு துண்டு. உதாரணமாக, முதல் குவார்ட்டரில் 7 டர்னோவர் என்று வைத்துக்கொள்வோம். "டர்னோவர் அதிகமாகிறதே?" என்றால் "ஆமாம்". "ஏழில் ஐந்து, பந்தைக் கொண்டுவரும்போதே போனது. அவர்களுடைய பிரஷரா, உங்கள் ஸ்பேசிங்கா (ஆட்கள் நிற்கும் இடைவெளி)?" என்றால் பத்து விநாடிக்காவது பதில் வரும், அதில் செய்தியும் இருக்கும். எண்ணிக்கையை நீங்கள் சொல்லிவிட்டீர்கள், காரணத்தை மட்டும் அவரிடம் விட்டீர்கள்.

இன்னொன்று இடம். அதே போபோவிச் 2017 மே மாதம் என்ன செய்தார் பாருங்கள். மேற்குப் பிரிவு இறுதித் தொடரின் முதல் ஆட்டம், வாரியர்ஸை விட ஸ்பர்ஸ் 20 புள்ளிக்கு மேல் முன்னிலை. ஷாட் போட்டு இறங்கிய ஸ்பர்ஸின் காவை லெனர்டின் காலடியில் வாரியர்ஸின் சாசா பச்சூலியா பாதத்தைக் கொண்டுபோனார். கணுக்கால் போச்சு, ஆட்டமும் போச்சு. மறுநாள் நிருபர் சந்திப்பில் போபோவிச் நிறுத்தாமல் பொரிந்து தள்ளினார்: அது ஆபத்தான ஆட்டம், அந்த ஆளுக்கு இந்த விஷயத்தில் பழைய சரித்திரம் இருக்கிறது என்று சம்பவம் சம்பவமாக அடுக்கினார். அடுத்த சீசனுக்கு முன்பே, இறங்கும் இடத்தில் காலை நுழைப்பதற்கு ஃப்ளாக்ரண்ட் ஃபவுல் (கடுமையான வகை ஃபவுல்) கொடுக்கலாம் என்று ரெஃபரிகளுக்கு லீக் வழிவகுத்தது. வாய் திறக்காத மனிதர் இல்லை. ஆட்டம் நடக்காத நேரம், சொல்வதற்குச் சரக்கு, இரண்டும் அவருக்கு வேண்டும்.

---

கோட்டுக்கு_வெளியே:

மேலே இரண்டு பேரும் அவருக்கு வக்கீல் வேலை பார்க்கிறீர்கள். மறுபக்கமும் இருக்கிறது.

கோர்ட் ஓரம் நிற்கும் நிருபர் அந்த 30 விநாடியைத் தானாகக் கேட்டு வாங்கவில்லை. காதில் மாட்டியிருக்கும் கருவியில் தயாரிப்பாளர் "இப்போ போ" என்கிறார், போகிறார். பேட்டி பிடிக்கவில்லையென்றால் கோச் சண்டை போட வேண்டியது லீக்கோடு. அவருடைய சம்பளத்துக்கும் அந்த டிவி காசுதானே அடிப்படை. ஐந்து கோப்பை (1999, 2003, 2005, 2007, 2014) வென்றவர், மாதச் சம்பளத்துக்கு மைக் பிடிப்பவரை லட்சக்கணக்கானோர் முன்னால் வெட்கப்பட வைப்பது சமபல ஆட்டம் கிடையாது. நிருபரால் திருப்பிச் சொல்ல முடியாது. சொன்னால் அடுத்த வாரம் அந்த அணியின் ஆட்டத்துக்கு அவரை அனுப்ப மாட்டார்கள்.

விளைவும் நல்லதாக இல்லை. இளம் நிருபர்கள் பாதுகாப்பான, உப்புச்சப்பில்லாத கேள்விக்குப் போகிறார்கள், அல்லது திட்டு வாங்கினால் வைரலாகும் என்று வேண்டுமென்றே அசட்டுக் கேள்வி கேட்கிறார்கள். இரண்டிலும் பார்ப்பவனுக்கு ஒன்றும் கிடைப்பதில்லை.

க்ரெய்க் சேகர் கதையைக் காட்டி எல்லாவற்றையும் கழுவிவிடுவதும் வழக்கமாகிவிட்டது. டிஎன்டியின் கண்ணைப் பறிக்கும் கோட்டு சூட்டு நிருபர். போபோவிச்சின் கிண்டலுக்கு நிரந்தர இலக்கு. 2014-இல் சேகருக்கு லுகேமியா என்று தெரிந்ததும், டல்லாஸோடு நடந்த முதல் சுற்று ஆட்டத்தில் அவர் மகன் மைக் பிடித்தார். நீ நன்றாகத்தான் செய்கிறாய், ஆனாலும் உன் அப்பா இங்கே நிற்பதையே விரும்புவேன் என்ற பொருளில் கேமராவைப் பார்த்துப் பேசினார் போபோவிச். 2016 டிசம்பர் 15 அன்று சேகர் இறந்தபோது, ஆட்டத்துக்கு முன்னால் நின்று நெகிழ்ந்து பேசியதும் உண்மை. அது சேகர் பல வருடம் சிரித்த முகத்தோடு தாங்கிச் சம்பாதித்த நட்பு. நேற்று வேலைக்கு வந்த நிருபருக்கு அந்த வாய்ப்பு இல்லையே.

ஒரு வேறுபாடு மட்டும் ஒப்புக்கொள்கிறேன். முசுடாகப் பதில் சொல்வது வேறு, எழுதியதற்காக நிருபரைப் பழிவாங்குவது வேறு. 2024 மார்ச்சில் எல்எஸ்யூ (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்) பெண்கள் கூடைப்பந்து அணி கோச் கிம் மல்கி, வாஷிங்டன் போஸ்ட்டில் தன்னைப் பற்றி வரவிருந்த கட்டுரைக்கு, அது வெளியாகும் முன்பே வழக்குப் போடுவேன் என்று நிருபர் சந்திப்பில் அறிக்கை படித்தார். போபோவிச்சின் முறைப்பை இதோடு சேர்த்து எடை போடுவது நியாயமில்லை.

---

பெஞ்ச்_ஓரம்:

@கோட்டுக்கு_வெளியே சமபலம் இல்லை என்பதை மறுக்கவில்லை. ஆனால் நிருபருக்கு அந்த 30 விநாடி மட்டுமே வழி என்பது போல எழுதியிருக்கிறீர்கள், அங்கேதான் உடன்பாடில்லை. ஆட்டத்துக்குச் சுமார் ஒன்றே முக்கால் மணி நேரம் முன்னால் இரண்டு கோச்களும் தனித்தனியாக நிருபர்களைச் சந்திக்க வேண்டும். முடிந்ததும் மறுபடி. விவரமான கேள்விக்கு இடம் அவை இரண்டும்தான். அங்கே அவர் ஸ்பர்ஸைத் தினமும் எழுதும் உள்ளூர் நிருபர்களோடு கிண்டலும் விளக்கமுமாகப் பேசியது நிறையவே பதிவாகியிருக்கிறது. குவார்ட்டர் இடைவேளையில் நிற்பது தேசிய டிவி நிருபர், மாதத்துக்கு ஒருமுறை வருகிறவர். இருவரிடமும் ஒரே கோச் இரண்டு விதமாக நடந்துகொண்டதற்குப் பழக்கமும் ஒரு காரணம்.

---

செவ்வாய்_ஹூப்ஸ்:

மிக்க நன்றி. இதையெல்லாம் படித்துவிட்டு மூன்று கேள்வி எழுதிப் பார்த்தேன், அரைநேர இடைவேளைக்கு. கிழித்துக் கொடுங்கள்.

அ. கோச், முதல் பாதி உங்களுக்கு எப்படி இருந்தது?

ஆ. எதிரணி 11-ஆம் நம்பர் தொடர்ந்து ஸ்கோர் செய்கிறார், அவரைக் கட்டுப்படுத்த என்ன செய்யப் போகிறீர்கள், உங்கள் பாயிண்ட் கார்டுக்கு (பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துபவர்) வேறு 3 ஃபவுல் ஆகிவிட்டதே?

இ. அரையிறுதிக்குப் போக இந்த ஆட்டம் எவ்வளவு முக்கியம்?

இன்னொன்று, ரெஃபரி பற்றிக் கேட்கலாமா?

---

ஸ்டாட்ஷீட்:

'இ'யை அடித்துவிடுங்கள். அதற்குப் புள்ளிப்பட்டியலே பதில் சொல்லும்.

'அ' ரொம்ப அகலம். 20 நிமிட ஆட்டத்தில் எதைச் சொல்வது என்று கோச்சே தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது, அவர் "பசங்க நல்லா முயற்சி பண்றாங்க" என்று தப்பித்துவிடுவார். நீங்களே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். "கடைசி மூன்று நிமிடத்தில் எதிரணிக்கு 4 ஆஃபென்சிவ் ரீபவுண்ட் (தாங்கள் தவறவிட்ட ஷாட்டைத் தாங்களே பிடிப்பது). பாக்ஸ்-அவுட் (எதிராளியை முதுகால் மறித்து நிற்பது) விட்டுப்போகிறதா, ஆள் உயரம் பத்தவில்லையா?" கல்லூரி லீக்கில் புள்ளிவிவரத் திரை எப்போதும் இருக்கும் என்று நம்ப வேண்டாம். சிறு நோட்டில் நீங்களே மூன்றை மட்டும் கோடு போட்டு எண்ணுங்கள்: ஆஃபென்சிவ் ரீபவுண்ட், பந்தைக் கொண்டுவரும்போது போன டர்னோவர், தொடர்ந்து 6 புள்ளிக்கு மேல் ஓடிய ரன். ரன் ஓடும்போது கோர்ட்டில் இருந்த ஐவரின் நம்பரையும் பக்கத்தில் குறித்தால் தங்கம். மற்றதை ஸ்கோர் மேசையில் கேட்டுக்கொள்ளலாம்.

'ஆ'வில் மூன்று சங்கதி முட்டிக்கொள்கிறது. ஒரு மூச்சில் இரண்டு கேள்வி கேட்டால் கோச் சுலபமானதற்கு மட்டும் பதில் சொல்வார். 11-ஆம் நம்பர் திட்டத்தைச் சொல்ல மாட்டார், விடுங்கள். ஃபவுல் கேள்விதான் அதில் மதிப்புள்ளது: "பாயிண்ட் கார்டுக்கு 3 ஃபவுல். அடுத்த பாதியைப் பந்தோடு தொடங்குவது யார்?" கொஞ்ச நேரத்தில் எல்லோருக்கும் தெரியப்போகிற விஷயம், மறைக்க அவசியம் இல்லை. ஒரு பெயர் வரும். அங்கே துணைக்கேள்வி: "அவர் வந்தால் வேகம் குறையுமே, பரவாயில்லையா?" இரண்டாவது கேள்வி எப்போதும் முதல் பதிலிலிருந்து பிறக்கட்டும். அதற்குத்தான் நேரமே இருக்கிறது.

களத்தில் கவனிக்க:

ஒரு கேள்வி 8 விநாடிக்குள் முடிய வேண்டும். வீட்டில் கடிகாரம் வைத்துச் சொல்லிப் பாருங்கள். எழுத்தில் சின்னதாகத் தெரிவது வாயில் நீளும்.

பாதி முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது இரண்டு கேள்வியை அட்டையில் எழுதிவிடுங்கள். அந்தக் கடைசி நிமிடத்தில் 6–0 ரன் ஓடினால் தயங்காமல் முதல் கேள்வியை அடித்து மாற்றுங்கள். நிறையப் பேர் சொதப்புவது இங்கேதான். ஆட்டம் தலைகீழான பிறகும் பழைய கேள்வியைக் கேட்டு, ஆட்டத்தையே பார்க்கவில்லை என்று காட்டிக்கொடுத்துவிடுவார்கள்.

கோச்சுக்கும் அவர் பெஞ்சுக்கும் நடுவே நிற்க வேண்டாம். பக்கவாட்டில் நில்லுங்கள், அவர் கண் தன் ஆட்களைப் பார்க்க முடியட்டும். மைக்கைக் கையை விட்டுக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். அரங்கச் சத்தத்தில் வாய்க்கு ஒரு சாண் தள்ளிப் போனாலே ஒன்றும் கேட்காது.

ஒரு சொல்லில் பதில் வந்தால்? இரண்டு விநாடி பேசாமல் மைக்கை அங்கேயே வைத்திருங்கள். பாதிப் பேர் தானாகத் தொடர்வார்கள். தொடரவில்லையென்றால் இன்னும் குறுகலாக ஒன்று: "எந்தப் பக்கம்?", "எந்த ஐவர் இருக்கும்போது?" அதே கேள்வியை வேறு வார்த்தையில் திருப்பிக் கேட்பதும், சங்கடத்தில் சிரிப்பதும் வேண்டாம். நன்றி சொல்லி விலகிவிடுங்கள். 12 விநாடியில் முடிந்த பேட்டி ஒன்றும் குற்றமில்லை.

20 புள்ளி பின்தங்கிய கோச்சிடம் ஏன் தோற்கிறீர்கள் என்று கேட்பதைவிட, அந்தப் பாதியில் சரியாக வந்த ஒன்றைப் பிடித்து, "இரண்டாவது குவார்ட்டரில் ஸோன் (ஆளுக்குப் பதில் இடத்தைக் காக்கும் டிஃபென்ஸ்) போட்டதும் அவர்கள் ஸ்கோர் நின்றது. ஏன் கலைத்தீர்கள்?" என்று கேளுங்கள். விமர்சனம் அதிலும் இருக்கிறது, ஆனால் ஆட்டத்தைப் பார்த்தவன் கேட்கும் விமர்சனம்.

---

கோட்டுக்கு_வெளியே:

ரெஃபரி கேள்விக்கு: அரைநேரத்தில் கேட்கவே வேண்டாம். கோச் கொதிப்பில் எதையாவது சொன்னால் தண்டனை அவருக்கு, மைக் உங்கள் கையில். அடுத்த முறை அவர் உங்களிடம் வரவே மாட்டார்.

என்பிஏவில் இதற்கு விலை தெரியும். 2017 ஏப்ரலில் மெம்ஃபிஸ் கோச் டேவிட் ஃபிஸ்டேல், போபோவிச்சின் ஸ்பர்ஸிடம் இரண்டாவது ப்ளே-ஆஃப் ஆட்டத்தையும் தோற்றுவிட்டு நிருபர் சந்திப்பில் மேசையைத் தட்டினார். எங்கள் அணி பெயிண்டுக்குள் (கூடைக்கு முன்னுள்ள வண்ணக் கட்டம்) 35 ஷாட் போட்டு 15 ஃப்ரீ த்ரோ, அவர்கள் 18 ஷாட் போட்டு 32 ஃப்ரீ த்ரோ, லெனர்ட் ஒருவருக்கே எங்கள் மொத்த அணியைவிட அதிகம் என்று கணக்கை வாசித்துவிட்டு எழுந்து போனார். 30,000 டாலர் அபராதம். கணக்கு சரியாக இருந்ததும் அவரைக் காப்பாற்றவில்லை.

அங்கே முறையான வழி வேறு. நிருபர்கள் சார்பில் ஒருவரைத் தேர்ந்து, ஆட்டம் முடிந்ததும் தலைமை ரெஃபரியிடம் விதி சம்பந்தமான கேள்வி மட்டும் கேட்க அனுப்புவார்கள். பதில் எழுத்தில் எல்லோருக்கும் போகும். நெருக்கமான ஆட்டங்களின் கடைசி இரண்டு நிமிட முடிவுகளை லீக்கே மறுநாள் அலசி வெளியிடும். உங்கள் கல்லூரி லீக்கில் அதெல்லாம் இருக்காது. போட்டி ஏற்பாட்டாளரிடம் இப்போதே கேட்டு வையுங்கள்: சர்ச்சையான விசில் ஒன்று வந்தால், விதியை விளக்க மேசை அதிகாரி ஒருவர் ஆட்டம் முடிந்ததும் பேசுவாரா என்று. சம்மதித்தால் கோச்சிடம் அதைக் கேட்கும் அவசியமே வராது. ஆட்டம் முடிந்த பிறகும் கேட்டே ஆக வேண்டிய நிலை வந்தால், "ரெஃபரி தப்பா?" என்று கேட்காதீர்கள். "அந்த விசிலுக்குப் பிறகு உங்கள் டிஃபென்ஸில் எதை மாற்றினீர்கள்?" என்று கேளுங்கள். ரெஃபரியை இழுப்பதா வேண்டாமா என்பதை அவர் முடிவு செய்துகொள்ளட்டும்.

இரண்டு கோச்களையும் ஆட்டத்துக்கு அரை மணி நேரம் முன்பே போய்ப் பார்த்து, "அரைநேரத்தில் இரண்டே கேள்வி, 30 விநாடி, இந்த மூலையில் நிற்பேன்" என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

---

செவ்வாய்_ஹூப்ஸ்:

'அ', 'இ' இரண்டும் போயாச்சு. ஃபவுல் கேள்வியை மட்டும் வைத்துக்கொள்கிறேன். கேள்வியை வாய்விட்டுச் சொல்லி நேரம் பார்த்தேன், 6 விநாடி வருகிறது. ஏற்பாட்டாளரிடம் மேசை அதிகாரி விஷயத்தை நாளைக்கே கேட்டுவிடுகிறேன்.